நிலக்கரி, எஃகு, மின்சாரம்: ஐரோப்பிய ஒற்றுமை எதன்மேல் நிற்கிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், போரால் களைத்துப்போன நாடுகள் மனம் திருந்தி ஒன்று சேர்ந்த கதையாகவே அது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அந்தக் கதையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் முதல் உலகப் போர் முடிந்த 1918இலும் ஐரோப்பா களைத்துத்தான் போயிருந்தது. இனிப் போரே கூடாது என்று அன்றும் கோடிக்கணக்கானோர் மனமார விரும்பினார்கள். அப்படியிருந்தும் இருபத்தோரு ஆண்டுகளில் அதைவிடக் கொடிய போர் வந்தது. ஆகவே 1945க்குப் பிறகு பிரான்சும் ஜெர்மனியும் ஒன்றையொன்று தாக்காமல் இருப்பதற்குக் களைப்பையும் நல்லெண்ணத்தையும் மட்டும் காரணமாகக் காட்டிவிட முடியாது. இரண்டாம் முறை வேறு ஏதோ ஒன்று செய்யப்பட்டது. அது என்ன என்று தெரிந்துகொண்டால்தான், உக்ரைன் போர் தொடங்கிய பிறகு ஐரோப்பா சில காரியங்களில் வியக்கத்தக்க வேகத்தில் இயங்குவதும், வேறு சில காரியங்களில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடப்பதும் ஏன் என்பது விளங்கும்.

பிரான்சின் வடகிழக்கில் உள்ள லொரேன் பகுதியில் இரும்புத்தாது நிறைய உண்டு. அதை உருக்கி எஃகாக்கத் தேவையான தரமான நிலக்கரி அங்கே போதிய அளவு கிடையாது. அந்த நிலக்கரி எல்லைக்கு அப்பால், ஜெர்மனியின் ரூர் பகுதியில் இருந்தது. ரூரிலோ தாதுப் பற்றாக்குறை. இயற்கை இப்படிப் பங்கிட்டு வைத்த செல்வத்தின் நடுவே அரசியல் எல்லை ஓடியது. 1871இல் பிரான்சை வென்ற ஜெர்மனி அல்சாஸ் பகுதியையும் லொரேனின் ஒரு பாகத்தையும் எடுத்துக்கொண்டது. 1918இல் பிரான்ஸ் அவற்றை மீட்டது. 1940இல் ஹிட்லரின் படை மறுபடியும் பறித்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் அவை மீண்டும் பிரான்சின் கைக்கு வந்தன. அங்கே 1865இல் பிறந்து எண்பது வயது வரை வாழ்ந்த ஒருவர், பிறந்த வீட்டை விட்டு நகராமலே நான்கு முறை நாடு மாறியிருப்பார்.

எல்லை எப்படி மாறினாலும் வணிகம் நிற்கவில்லை என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். 1914க்கு முந்தைய ஆண்டுகளில் லொரேன் தாது ஜெர்மன் உலைகளுக்கும், ரூரின் கோக் கரி பிரெஞ்சு உலைகளுக்கும் ரயில் ரயிலாகப் போய்வந்தன. ஜெர்மன் பொருள்களை மிக அதிகமாக வாங்கிய நாடு பிரிட்டன். இவ்வளவு கொடுக்கல் வாங்கல் உள்ள நாடுகள் மோதிக்கொண்டால் எல்லாருக்கும் நஷ்டம், ஆகவே போர் வராது என்று அன்றைய அறிவாளர் பலர் நம்பினார்கள். எல்லாருக்கும் நஷ்டம் என்ற கணக்கு சரியாகவே இருந்தது. போர் வராது என்ற முடிவு மட்டும் பொய்த்தது. வணிகம் பெருகினால் சமாதானம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை இன்றும் உயிரோடு இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1918க்குப் பிறகு வென்றவர்கள் வேறு வழியை எடுத்தார்கள். ஜெர்மனி நஷ்டஈடாக நிலக்கரியும் மரமும் தர வேண்டும் என்று வெர்சாய் உடன்படிக்கை விதித்தது. ஜெர்மனி தவணை தவறியபோது, 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூருக்குள் நுழைந்து சுரங்கங்களைக் கைப்பற்றின. சுரங்கத் தொழிலாளர்கள் வேலைக்கு வர மறுத்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க பெர்லின் அரசு நோட்டடித்துத் தள்ளியது. ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்த மார்க் நாணயம் அடியோடு சரிந்தது. பிரான்சுக்குக் கிடைத்த நிலக்கரியைவிட ஜெர்மன் மக்கள் மனத்தில் ஏறிய வன்மம்தான் அதிகம்.

1950இன் தொடக்கத்தில் பிரான்ஸ் ஏறக்குறைய அதே இக்கட்டில் வந்து நின்றது. மேற்கு ஜெர்மனி ஒரு வருடத்துக்கு முன்புதான் தனி நாடாகியிருந்தது. அதன் எஃகு உற்பத்திக்கு வெற்றி பெற்ற நாடுகள் உச்சவரம்பு விதித்திருந்தன. ரூரின் நிலக்கரியையும் எஃகையும் ஒரு சர்வதேச ஆணையம் பங்கிட்டுக்கொண்டிருந்தது. சோவியத் யூனியனோடு பகை முற்றிய நிலையில், ஜெர்மன் உலைகள் முழு வீச்சில் எரிய வேண்டும் என்று அமெரிக்கா விரும்பியது. மே மாதம் லண்டனில் கூடவிருந்த மூன்று வல்லரசுகளின் வெளியுறவு அமைச்சர்கள் அதைப் பற்றித்தான் பேசப்போகிறார்கள் என்பது பாரிசுக்குத் தெரியும். தடுக்கவும் முடியாது, விட்டுவிடவும் அச்சம் என்ற நிலை.

அப்போது பிரெஞ்சு வெளியுறவு அமைச்சராக இருந்த ரொபேர் ஷூமான் அந்த எல்லையின் பிள்ளை. அவருடைய தந்தை லொரேனைச் சேர்ந்தவர். 1871க்குப் பிறகு ஜெர்மன் குடிமகன் ஆனவர். ஷூமான் 1886இல் லக்சம்பர்க்கில் ஜெர்மன் குடியுரிமையோடு பிறந்தார். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் சட்டம் படித்தார். முதல் உலகப் போருக்குப் பிறகு பிரெஞ்சுக் குடிமகனாகி பாரிஸ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1940இல் நாஜிக் காவல்படையால் கைது செய்யப்பட்டு, 1942இல் தப்பினார். அவரிடம் திட்டக்குழுத் தலைவர் ழான் மோனே ஒரு வரைவைக் கொண்டுவந்தார். சிலர் மட்டுமே அறிய, எஃகு ஆலை முதலாளிகளுக்குக்கூடத் தெரியாமல் தயாரான வரைவு அது. ஷூமான் அதை ஏற்றுக்கொண்டு, நம்பிக்கையான ஒருவர் கையில் கடிதம் கொடுத்து மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பான் நகருக்கு அனுப்பினார். ஜெர்மன் பிரதமர் கொன்ராட் அடேனவரின் ஒப்புதல் வந்த பிறகே தன் சொந்த அமைச்சரவையின் முன் அதை வைத்தார். 1950 மே 9 மாலை பத்திரிகையாளர்களைக் கூட்டி உலகுக்கு அறிவித்தார்.

அந்தப் பிரகடனம் சிறியது. பிரான்ஸ், ஜெர்மனி இரண்டின் நிலக்கரி, எஃகு உற்பத்தி முழுவதையும் ஒரு பொதுவான உயர் ஆணையத்தின் கீழ் வைப்போம். விரும்பும் ஐரோப்பிய நாடுகள் இதில் சேரலாம். இதனால் இரு நாடுகளுக்கும் இடையே போர் என்பது எண்ணிப்பார்க்க முடியாதது மட்டுமல்ல, நடைமுறையிலேயே நடத்த முடியாததாகவும் ஆகிவிடும் என்று அது சொன்னது. ஐரோப்பா ஒரே நாளில், ஒரே திட்டத்தில் உருவாகிவிடாது என்ற ஒப்புதலும் அதில் இருந்தது. இதன் புதுமை எங்கே இருக்கிறது? அண்டை வீட்டுக் கிணற்றில் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குவது வேறு. பங்காளிகள் பொதுக்கிணறு வெட்டி, யாருக்கு எந்த நாள் முறை என்று எழுதி வைத்து, முறை தவறினால் கேட்க ஆள் போட்டுக்கொள்வது வேறு. முதலாவதில் விற்பவர் எந்த நேரமும் கதவைச் சாத்தலாம். 1914க்கு முன்பு ஐரோப்பாவில் இருந்தது முதலாவது. 1950இல் முன்மொழியப்பட்டது இரண்டாவது.

1951 ஏப்ரல் 18 அன்று பாரிசில் ஆறு நாடுகள் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன: பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க். பிரிட்டன் ஒதுங்கிக்கொண்டது. இந்த அறுவர் கூட்டுதான் பின்னாளில் ஐரோப்பிய ஒன்றியமாக வளர்ந்தது. அடுத்த ஆண்டு லக்சம்பர்க்கில் மோனேயின் தலைமையில் ஒன்பது பேர் கொண்ட உயர் ஆணையம் வேலையைத் தொடங்கியது. எந்த அரசிடமிருந்தும் உத்தரவு வாங்கக் கூடாது என்பது அதன் உறுப்பினர்களுக்கு விதிக்கப்பட்ட கடமை. நிலக்கரி, எஃகு உற்பத்தி மீது நேரடியாகத் தீர்வை வசூலிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு இருந்ததால், உறுப்பு நாடுகளின் தயவை நாள்தோறும் எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பணத்தில் தொழிலாளர்களுக்கு வீடுகள் கட்டப்பட்டன. சுரங்கம் மூடப்பட்டு வேலை இழந்தவர்களுக்கு மறுபயிற்சியும் உதவித்தொகையும் தரப்பட்டன.

இந்த ஏற்பாட்டின் மனித முகத்தைப் பார்க்க வேண்டுமானால் பெல்ஜியத்தின் மார்சினெல் சுரங்கத்துக்குப் போக வேண்டும். 1956 ஆகஸ்ட் 8 காலை அங்கே பூமிக்கடியில் தீப்பிடித்தது. 262 பேர் இறந்தார்கள்; அவர்களில் 136 பேர் பிழைப்புக்காக இத்தாலியிலிருந்து வந்தவர்கள். ஒரு நாட்டின் சுரங்கத்தில் இன்னொரு நாட்டின் ஆள்கள் சாவது அதற்கு முன்பும் நடந்ததுதான். ஆனால் இப்போது இரு நாடுகளுக்கும் மேலே பொறுப்பேற்க வேண்டிய ஓர் அமைப்பு இருந்தது. சுரங்கப் பாதுகாப்புக்காக ஆறு நாடுகளுக்கும் பொதுவான நிரந்தரக் குழு 1957இல் அமைக்கப்பட்டது. இறந்தவர்களை அது திரும்பக் கொண்டுவரவில்லை. எனினும் ரோமும் பிரசெல்சும் பகைத்துக்கொண்டு நிற்காமல் ஒரே மேசையில் உட்கார்ந்து விதிகளை எழுத முடிந்தது.

ஆணையத்தைப் போலவே முக்கியமானது, ஆறு நாடுகளுக்கும் பொதுவாக லக்சம்பர்க்கில் அமைந்த நீதிமன்றம். 1960களின் தொடக்கத்தில் இத்தாலிய அரசு மின்சாரத் தொழிலை நாட்டுடைமையாக்கியது. அதை எதிர்த்த மிலான் நகர வழக்கறிஞர் ஒருவர், 2,000 லிராவுக்கும் குறைவான தன் மின்கட்டணத்தைச் செலுத்த மறுத்து வழக்குத் தொடுத்தார். அந்த அற்பத் தொகையை முன்னிட்டு எழுந்த கேள்வி லக்சம்பர்க் நீதிமன்றம் வரை போனது. உறுப்பு நாட்டின் சட்டமும் பொதுச் சட்டமும் மோதினால் பொதுச் சட்டமே மேலானது என்று 1964இல் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுகளுக்கு இடையேயான தகராறைப் படைகளிடமிருந்து வழக்கறிஞர்களின் கைக்கு மாற்றியதுதான் ஐரோப்பிய சமாதானத்தின் உள்ளடக்கம் என்று நான் கருதுகிறேன். கேட்பதற்கு இது சுவையற்றதாக இருக்கலாம். ஆனால் வழக்கு நடத்துவதில் யாரும் சாவதில்லை.

இந்த முறை எல்லா இடத்திலும் வெல்லவில்லை என்பதும் வரலாறு. நிலக்கரியைப் போலவே படைகளையும் பொதுவாக்கலாம் என்று ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூகம் ஒன்றுக்கான உடன்படிக்கை 1952இல் கையெழுத்தானது. 1954 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றமே அதை நிராகரித்தது. மறு ஆண்டு மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேர்ந்தது; மேற்கு ஐரோப்பாவின் பாதுகாப்பு அமெரிக்காவின் பொறுப்பாயிற்று. ஐரோப்பிய சமாதானத்துக்கு இரண்டு கால்கள் என்றால், சட்டமும் பொதுச் சந்தையும் ஒரு கால், அமெரிக்கப் படை மறுகால். இரண்டாவதைப் பற்றி ஐரோப்பியத் தலைவர்கள் பல பத்தாண்டுகளாக அதிகம் யோசிக்காமல் இருந்தார்கள். 1965இல் பிரெஞ்சு அதிபர் ஷார்ல் தெகோல், பெரும்பான்மை வாக்கால் முடிவெடுக்கும் முறை விரிவடைவதை எதிர்த்து, பொதுக் கூட்டங்களிலிருந்து ஏழு மாதங்கள் தன் பிரதிநிதிகளை விலக்கிக்கொண்டார். காலப்போக்கில் சந்தை, வேளாண்மை, சுற்றுச்சூழல் போன்றவற்றில் பெரும்பான்மை முடிவு வழக்கமாயிற்று. வெளியுறவிலும் பாதுகாப்பிலும் ஒவ்வொரு நாட்டுக்கும் வீட்டோ அதிகாரம் அப்படியே தங்கிவிட்டது.

ஒன்றியத்துக்குள் கற்ற பாடம் அதன் எல்லைக்கு வெளியே மறந்துபோன கதை எஸ்ஸன் நகரில் தொடங்குகிறது. 1970 பிப்ரவரி 1 அன்று, ரூரின் நடுவிலுள்ள அந்த ஊரில் மேற்கு ஜெர்மனியும் சோவியத் யூனியனும் ஒரு வணிக ஏற்பாட்டுக்கு வந்தன. ஜெர்மன் ஆலைகள் எஃகுக் குழாய்கள் தரும், ஜெர்மன் வங்கிகள் கடன் தரும், சோவியத் யூனியன் எரிவாயு தரும். பனிப்போர்க் காலத்தில் பதற்றத்தைத் தணிக்க அது உதவியது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது கொடுக்கல் வாங்கல் மட்டுமே. அதன்மேல் பொது ஆணையமும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. எரிசக்தி வணிகத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவர 1994இல் எரிசக்திச் சாசன உடன்படிக்கை உருவானபோது ரஷ்யா கையெழுத்திட்டது, ஆனால் தன் நாடாளுமன்றத்தில் அதை உறுதி செய்யவே இல்லை, 2009இல் விலகிக்கொண்டது. அதே ஆண்டின் ஜனவரியிலும், அதற்கு முன் 2006 ஜனவரியிலும், உக்ரைனுடன் ஏற்பட்ட தகராறில் ரஷ்யா குழாயை மூடியது. கிரிமியா கைப்பற்றப்பட்டது 2014இல். ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்கு எரிவாயு கொண்டுவர பால்டிக் கடலடியில் இரண்டாவது நார்ட் ஸ்ட்ரீம் குழாய்க்கான ஒப்பந்தம் 2015இல். எச்சரிக்கைகள் இல்லாமல் போகவில்லை; போலந்தும் பால்டிக் நாடுகளும் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தன. 2021இல் ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் சுமார் 45 விழுக்காடு ரஷ்யாவிலிருந்து வந்தது. வணிகம் மாற்றத்தைக் கொண்டுவரும் என்ற ஜெர்மன் நம்பிக்கை, 1914க்கு முந்தைய அதே நம்பிக்கைதான்.

ஒத்துழைப்புக்கான மற்ற மேடைகளும் இருந்தன. 1975இல் ஹெல்சிங்கியில் 35 நாடுகள், எல்லைகளை வன்முறையால் மாற்றுவதில்லை என்று ஒப்புக்கொண்டன. அதிலிருந்து வளர்ந்த பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பு 2014 முதல் கிழக்கு உக்ரைனில் கண்காணிப்பாளர்களை வைத்திருந்தது. அவர்கள் எண்ணி எழுதினார்கள், அறிக்கை தந்தார்கள். நிறுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. எல்லாரும் இசைந்தால்தான் பணி நீடிக்கும் என்ற விதியின்படி, ரஷ்யா இசையாததால் 2022 மார்ச்சுடன் அந்தப் பணி முடிந்தது. அதற்கு முன்பே யூகோஸ்லாவியா ஒரு கசப்பான பாடத்தைத் தந்திருந்தது. 1991இல் அந்த நாடு உடையத் தொடங்கியபோது, இது ஐரோப்பாவின் நேரம் என்று லக்சம்பர்க் வெளியுறவு அமைச்சர் அறிவித்தார். நான்கு ஆண்டுகள் கழித்து போஸ்னியாவின் ஸ்ரெப்ரனிட்சாவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். சண்டையை நிறுத்திய உடன்பாடு அமெரிக்காவின் டேட்டன் நகரில் எழுதப்பட்டது. அந்த வெட்கத்திலிருந்து ஐரோப்பா இன்னும் முழுமையாக மீளவில்லை, மீளவும் கூடாது.

மின்சாரத்துக்கு வருவோம். நிலக்கரியும் எஃகும் அன்று இருந்த இடத்தில் இன்று இருப்பது அதுதான். பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தான அதே 1951இல், மேற்கு ஐரோப்பிய மின்வாரியங்கள் தங்களுக்குள் ஓர் ஒன்றியம் அமைத்தன. 1958இல் சுவிட்சர்லாந்தின் லாஃபன்பர்க்கில் பிரெஞ்சு, ஜெர்மன், சுவிஸ் மின்தொகுப்புகள் ஒன்றாக இணைக்கப்பட்டன. இன்று போர்ச்சுகல் முதல் துருக்கி வரை மின்னாக்கிகள் அனைத்தும் நொடிக்கு ஐம்பது சுற்று என்ற ஒரே கதியில் இயங்குகின்றன. ஓரிடத்தில் பற்றாக்குறை ஏற்பட்டால் எல்லா இடத்திலும் கதி சற்றுக் குறையும்.

2018இல் இது சாதாரண மக்களின் சமையலறைக்குள்ளேயே தெரிந்தது. செர்பியாவிலிருந்து பிரிந்த கொசோவோ, தான் உற்பத்தி செய்ததைவிட அதிக மின்சாரத்தை எடுத்தது. அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டும் பொறுப்பு செர்பியாவுடையது. கொசோவோவைத் தனி நாடாக ஏற்காத செர்பியா அதைச் செய்யவில்லை. ஜனவரி நடுவிலிருந்து சில வாரங்களுக்கு 25 நாடுகளில் மின்தொகுப்பின் கதி மிக நுண்ணிய அளவில் தாழ்ந்தது. அந்தத் துடிப்பை எண்ணி நேரம் காட்டும் அடுப்புக் கடிகாரங்களும் படுக்கையோரக் கடிகாரங்களும் ஏறத்தாழ ஆறு நிமிடம் பின்தங்கின. தீராத ஓர் எல்லைத் தகராறுக்காக ஜெர்மனியிலும் பிரான்சிலும் மக்கள் வேலைக்குத் தாமதமாகப் போனார்கள். அந்தக் கடிகாரங்களைச் சரிசெய்ய யாரும் படை அனுப்பவில்லை. பொறியாளர்கள் கணக்குப் பார்த்து, குறைந்ததை நிரப்பி, கதியைச் சற்று உயர்த்தி நேரத்தை மீட்டார்கள்.

உக்ரைனின் மின்தொகுப்பு சோவியத் காலம் முதல் ரஷ்யாவோடு பிணைந்திருந்தது. ஐரோப்பாவோடு சேர்வதற்கு முன்பு, தனியாக நின்று இயங்கிக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. அந்தச் சோதனைக்குக் குறித்த நாள் 2022 பிப்ரவரி 24. மூன்று நாள் தனித்திருந்துவிட்டுத் திரும்பவும் பழைய தொகுப்போடு சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. உக்ரைனும் மால்டோவாவும் இணைப்பைத் துண்டித்த சில மணி நேரத்தில் ரஷ்ய ஏவுகணைகள் விழத் தொடங்கின. திரும்பிச் சேர்வதற்கு இடமில்லை. போர் நடுவில், அணுமின் நிலையம் ஒன்று எதிரி கைக்குப் போன நிலையிலும், கீவ் பொறியாளர்கள் தனித்துத் தொகுப்பை ஓட்டினார்கள். அடுத்த ஆண்டுக்கென்று திட்டமிட்டிருந்த இணைப்பை ஐரோப்பிய மின்வாரியங்கள் மார்ச் 16 அன்றே செய்து முடித்தன. பிறகு ரஷ்யா மின்நிலையங்களைக் குறிவைத்துத் தாக்கிய குளிர்காலங்களில், மேற்கிலிருந்து வந்த மின்சாரம் மருத்துவமனைகளையும் குடிநீர் நிலையங்களையும் ஓட வைக்க உதவியது. 2025 பிப்ரவரியில் எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்றும் ரஷ்யத் தொகுப்பிலிருந்து விலகி, போலந்து வழியாக அதே ஐரோப்பியத் தொகுப்பில் இணைந்தன.

இதே வேகத்தை அகதிகள் விஷயத்திலும் கண்டோம். யூகோஸ்லாவியப் போர்களின் அனுபவத்தில் 2001இல் எழுதி வைத்த தற்காலிகப் பாதுகாப்புச் சட்டம் இருபது ஆண்டுகளுக்கு மேல் பயன்படாமல் கிடந்தது. 2022 மார்ச் 4 அன்று அது முதன்முறையாக உயிர்பெற்றது. நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட உக்ரைனியர்கள் தங்கவும், வேலை பார்க்கவும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும் உரிமை பெற்றார்கள். ஐரோப்பா பெருமைப்பட வேண்டிய காரியம் இது. ஆனால் 2015இல் இத்தாலியிலும் கிரீசிலும் வந்திறங்கிய 1,60,000 அகதிகளைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று எடுத்த முடிவின்படி உண்மையில் இடம் மாற்றப்பட்டவர்கள் சுமார் 35,000 பேர்தான். சிரியாவிலிருந்து ஓடிவந்தவர்களும் குண்டுகளுக்குத் தப்பித்தான் வந்தார்கள். இயலும் என்பது 2022இல் நிரூபணமான பிறகு, 2015இல் இயலவில்லை என்று சொல்வதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

இனி முடக்கத்தைப் பார்ப்போம். ரஷ்யாவின் மீதான பொருளாதாரத் தடைகள் 2025 முடிவதற்குள் 19 தொகுப்புகளாகப் பெருகின. ஒவ்வொன்றுக்கும் 27 நாடுகளும் ஒருமனதாக இசைய வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்கவும் அதேபோல் இசைய வேண்டும். ஹங்கேரிப் பிரதமர் விக்டர் ஓர்பான் இந்த விதியைப் பேரம் பேசும் கருவியாக்கினார். 2023 டிசம்பர் 14 அன்று பிரசெல்சில், உக்ரைனுடன் உறுப்புரிமைப் பேச்சைத் தொடங்குவது பற்றி முடிவெடுக்க வேண்டிய நேரம். ஜெர்மன் பிரதமர் ஓலாஃப் ஷோல்ஸ் யோசனை சொல்ல, ஓர்பான் எழுந்து அறையை விட்டு வெளியே போனார். மீதி 26 பேர் முடிவெடுத்தார்கள். ஒரு கண்டத்தின் வரலாற்று முடிவு, ஒருவர் வெளியே போவதைப் பொறுத்து அமைந்தது. அதே இரவில் உக்ரைனுக்கான 50 பில்லியன் யூரோ உதவியை அவர் தடுத்தார். 2024 பிப்ரவரி 1 அன்றுதான் அது நிறைவேறியது.

ஒன்றியத்துக்குள் முடக்கி வைக்கப்பட்ட ரஷ்ய மத்திய வங்கிச் சொத்து ஏறக்குறைய 210 பில்லியன் யூரோ. பெரும்பகுதி, பிறருடைய பங்குகளையும் பத்திரங்களையும் பாதுகாத்து வைக்கும் பிரசெல்சிலுள்ள யூரோகிளியர் நிறுவனத்தில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு நாடு மறுத்தாலும் அது மாஸ்கோவுக்குத் திரும்பிவிடும் என்ற அபாயம் நீடித்தது. 2025 டிசம்பரில் ஒன்றியம் தன் அடிப்படை உடன்படிக்கையின் 122ஆம் பிரிவைப் பயன்படுத்தி, காலவரம்பின்றி அதை முடக்கியது. அந்தப் பிரிவு கடுமையான பொருளாதார நெருக்கடிக்காக, குறிப்பாக எரிசக்தித் தட்டுப்பாட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதற்குப் பெரும்பான்மை வாக்கே போதும். ஆயுதக் கொள்முதலுக்கான 150 பில்லியன் யூரோ கடன் திட்டமும் அதே பிரிவின் கீழ்தான் நிறைவேறியது. தன்னை ஒதுக்கிவிட்டதாக ஐரோப்பிய நாடாளுமன்றம் அதை எதிர்த்து வழக்குப் போட்டது. வெளியுறவு என்ற வாசல் அடைபட்டிருக்கும்போது, 1951இல் திறந்த பொருளாதார வாசல் வழியாகவே ஐரோப்பா மறுபடியும் உள்ளே வருகிறது. முடக்கிய அந்தப் பணத்தை உக்ரைனுக்குக் கடனாகத் தருவதா என்ற கேள்வியில், வழக்கு வந்தால் தன் தலையில்தான் விழும் என்று பெல்ஜியம் அஞ்சியது. கடைசியில் 90 பில்லியன் யூரோவைச் சந்தையில் கடன் வாங்கிக் கொடுப்பதென்று முடிவாயிற்று. ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, செக் குடியரசு மூன்றுக்கும் அந்தச் சுமையிலிருந்து விலக்கு தரப்பட்டது.

பொதுக் கருவி எதுவும் இல்லாத இடத்தில் ஒற்றுமை எப்படிச் சிதறுகிறது என்பதற்கு காஸா சான்று. 2023 அக்டோபர் 27 அன்று ஐ.நா. பொதுச்சபையில் மனிதாபிமானப் போர்நிறுத்தம் கோரும் தீர்மானம் வந்தபோது, ஒன்றியத்தின் 27 நாடுகளில் 8 ஆதரித்தன, 4 எதிர்த்தன, 15 விலகி நின்றன. உக்ரைனுக்காகச் சர்வதேசச் சட்டத்தை உரக்கச் சொன்ன ஐரோப்பாவின் குரல் அங்கே உடைந்தது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பலர் அதைக் கவனித்தார்கள், இன்னும் மறக்கவில்லை.

அப்படியானால் வீட்டோவை ஒழித்துவிடலாமே என்ற கேள்வி இயல்பாக எழும். பெரும்பான்மை முறையில் 55 விழுக்காடு நாடுகளும் 65 விழுக்காடு மக்கள் தொகையும் சேர வேண்டும். ஆறு லட்சத்துச் சொச்சம் மக்களைக் கொண்ட லக்சம்பர்க்கும் அதைவிடச் சிறிய மால்டாவும், போர் சமாதானம் பற்றிய முடிவைப் பெரிய நாடுகளின் கையில் ஒப்படைக்கத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. துருக்கி சம்பந்தப்பட்ட முடிவில் சைப்ரஸுக்கும், நடுநிலை நாடுகளான அயர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் தனிக் கவலைகள் உண்டு. தவிர, வீட்டோவை நீக்குவதற்கே எல்லாருடைய இசைவும் வேண்டும். என்றாலும் தடைகளை நீட்டிப்பது போன்ற, ஏற்கெனவே ஒருமனதாக எடுத்த முடிவைத் தொடரும் காரியங்களிலாவது பெரும்பான்மை போதும் என்று வைப்பது யாருடைய இறையாண்மையையும் பறித்துவிடாது.

புதிய நாடுகளைச் சேர்த்துக்கொள்ளும் விரிவாக்கத்திலும் இதே சிக்கல். வடக்கு மாசிடோனியா 2005இல் வேட்பாளர் நாடானது. கிரீசின் எதிர்ப்பைத் தீர்க்க 2019இல் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு பிரான்ஸ் தடுத்தது. 2020இல் மொழியையும் வரலாற்றையும் காரணம் காட்டி பல்கேரியா தடுத்தது. உக்ரைனுடன் பேச்சு 2024 ஜூனில் முறைப்படி தொடங்கியும், அடுத்த ஆண்டு முழுவதும் முதல் தொகுதிப் பேச்சைக்கூட ஹங்கேரி திறக்க விடவில்லை. இதற்கிடையே கீழ்மட்டத்தில் பிணைப்பு நடந்துகொண்டேயிருக்கிறது. மின்தொகுப்பு சேர்ந்துவிட்டது, 2026 தொடக்கம் முதல் உக்ரைனியர்கள் ஒன்றியத்துக்குள் ரோமிங் கட்டணம் இல்லாமல் பேசலாம், எல்லையோர சோப் நகரிலிருந்து உஷ்ஹோரொத் வரை 22 கிலோமீட்டருக்கு ஐரோப்பிய அகலத்தில் தண்டவாளம் போடப்பட்டு 2025இல் ரயில் ஓடத் தொடங்கியது. இவை போதும், உறுப்புரிமை மெல்ல வரட்டும் என்று பிரசெல்சில் சொல்பவர்கள் உண்டு. அது 1970இல் எஸ்ஸனில் செய்த தவற்றை இன்னொரு அண்டை நாட்டோடு திரும்பச் செய்வதாகும். கம்பியும் தண்டவாளமும் எவ்வளவு வந்தாலும், உறுப்பு நாடாகும் வரை உக்ரைனுக்கு அமைச்சர்கள் குழுவில் வாக்கு கிடையாது, ஆணையத்தில் ஆள் கிடையாது, லக்சம்பர்க் நீதிமன்றத்தில் நீதிபதியும் கிடையாது.